எண்ணிக்கை சரி

கரைக்கு மீன் வாங்க வந்தவள்
விலை கேட்கவில்லை,
செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை.
"உனக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றாள் என் மாமியாரிடம்.

ஐந்து என்று சொல்லும்போது
மாமியாருக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீளும்.
மங்கரு, டிம்பு, ஜாலு, கர்க்கன்,
கடைசியில் நிக்கு, ஒன்பது வயது,
தூண்டில் முள்ளை வாயில் கவ்வியபடியே பேசுவான்.
ஜாலு என் புருஷன்.

"எனக்கும் ஐந்துதான்" என்றாள் அந்த அம்மா.
வெள்ளைச் சேலை. சேறு அறியாத பாதம்.
அவள் கண் எங்கள் குடிசைக்குள் நுழைந்து
ஒவ்வொரு தலையாகத் தொட்டுவிட்டுத் திரும்பியது.
அதைப் பாசம் என்று நினைத்தேன்.

விருந்துக்கு அழைப்பு.
எங்கள் நிழல் பட்டால் தலைமுழுகுகிற ஊரில்
அரண்மனைச் சோறு!
மாமியார் ஐந்து முகத்தையும் ஆற்றுநீரால் அழுத்தித் துடைத்தாள்.
கர்க்கன் வலித்ததென்று கத்தினான்.
நானும் கிளம்பினேன்.
"தாயும் பிள்ளைகளும் என்றுதான் சொன்னாள்,
நீ இரு" என்றாள்.
எனக்கு அப்போது மூன்றாம் மாதம், ஓயாத வாந்தி.
இருந்துவிட்டேன்.

வலைக்கும் படகுக்கும் பிசின் காய்ச்சுகிறவர்கள் நாங்கள்.
எது எப்படிப் பற்றும் என்று
மூக்கே சொல்லிவிடும் எங்களுக்கு.
அரக்கு, நெய், குங்கிலியம்,
சுவருக்குள் திணித்த சணல்.
வாசலிலேயே தெரிந்திருக்கும்.
ஆனால் இலுப்பைச் சாராயத்தை
அந்த அம்மா தன் கையாலேயே ஊற்றினாளாம்.
மறுக்க முடியுமா?

விடிந்தபோது ஊரே மார்பில் அடித்துக்கொண்டது.
ஈரத் துணியால் வாயைப் பொத்தியபடி
அதிகாரி ஒருவன் கோலால் சாம்பலைக் கிளறினான்.
ஐந்து. பக்கத்தில் தாய் ஒருத்தி.
எண்ணிக்கை சரி, என்றான்.
எழுதுகிறவன் எழுதிக்கொண்டான்.

ஒரு தாடையில் முன்பல் இரண்டு இல்லை.
போன மழைக்காலத்தில் துடுப்பு எகிறி உடைந்த பற்கள்.
அந்த ஓட்டை வழியாகத்தான்
என்னைப் பார்த்தால் விசில் அடிப்பான்.
"ஐயோ, எங்கள் இளவரசே" என்று
யாரோ ஒரு கிழவர் அதன்மேல் விழுந்து அழுதார்.

ஓர் எலும்புக்கூடு மிகச் சின்னது.
இவ்வளவு சின்னதாகவா, என்று ஒருவன் கேட்டான்.
தீயில் சுருங்கியிருக்கும் என்றார்கள்.

சந்தனக்கட்டை, சங்கு, வேதம்.
என் புருஷனுக்கு வேறு யாரோ பெயரில்
ராஜ மரியாதை நடந்தது.
எங்கள் ஆற்றில்தான் கரைத்தார்கள்.
நான் கூட்டத்துக்கு வெளியே, சொல்லி வைத்த தூரத்தில்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு என் தம்பி பேலு சொன்னான்,
குடித்திருந்தபோது:
அன்று நள்ளிரவு கூலிக்குத் துடுப்புப் போடக் கூப்பிட்டார்கள்.
ஆறு பேர் ஏறினார்கள்.
ஒருவன் தாயைத் தோளில் சுமந்து வந்தான்.
யாரும் பேசவில்லை. முடியில் கருகல் வாசம்.
நடு ஆற்றில் அந்த அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாளாம்.
எதை என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் பறை அடித்தார்கள்:
ஐவரும் உயிரோடு இருக்கிறார்கள்!
ஐவருக்கும் கல்யாணம்!
தெருவெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டார்கள்.
என் மகன் அன்றுதான் முதல் அடி வைத்தான்.
எரிந்த மேட்டில் எருமைகள் மேய்ந்தன.
அப்படியானால் அந்த ஆறு பேர் யார் என்று
ஒரு வாய் கேட்கும், ஒரு வாயாவது கேட்கும் என்று
சாயங்காலம் வரை படகுத்துறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.
மீன் எல்லாம் விற்றுப்போனது.

இப்போது நானே படகு தள்ளுகிறேன்.
போன வாரம் பல்லக்கில் வந்த ஒருத்தி,
நல்லவள்தான் போலிருக்கிறது,
பனைவெல்லம் ஒரு துண்டு நீட்டிக் கேட்டாள்:
"உனக்கு எத்தனை பிள்ளைகள்?"

பிள்ளை இல்லை, என்றேன்.

எதிரே துடுப்போடு உட்கார்ந்திருந்த என் மகன்
அக்கரை சேரும்வரை
என்னிடம் பேசவில்லை.